மூன்று கோடு

கோதுமை மாவைவிட மைதாதான் மண்ணில் பளிச்சென்று தெரியும், சார். அதனால் அன்று இரண்டு கிலோ மைதா வாங்கினேன்.

எங்கள் ஓட்டக் குழுவின் ஞாயிறு மாலை விளையாட்டு அது. ஒருவர் முன்னால் போய் நூறு அடிக்கு ஒரு பிடி மாவு போட்டுக்கொண்டே போவார். மற்றவர்கள் அதைப் பார்த்துத் துரத்தி வருவார்கள். நடுவில் ஏமாற்றுப் பாதையும் உண்டு. அது முடிகிற இடத்தில் மூன்று கோடு போட வேண்டும். தப்பு, திரும்பிப் போ என்று அர்த்தம். கடைசியில் மைதானத்தில் பாட்டு, சாப்பாடு. அன்றைக்குச் சொதப்பியவரை நடுவில் நிறுத்தி வைத்துச் சிரிப்பார்கள்.

அந்த நடு இடத்துக்குப் பயந்தே நான் எப்போதும் கடைசி ஆளாக ஓடுவேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். அங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவே நிம்மதி. குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது என் சகலை. லிஃப்ட் மெக்கானிக். என் கல்யாணத்தில் நான் மயங்கி விழுந்ததை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். கெட்ட எண்ணம் கிடையாது, நல்ல மனிதர்.

அன்று பாதை போடுவது என் முறை. முதல் தடவை. பூட்டிக் கிடந்த சோப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் ஏமாற்றுப் பாதை வைத்தேன். அங்கே மூடியில்லாத தரைத்தொட்டி ஒன்று, இரண்டு ஆள் ஆழம், புல் மறைத்திருந்தது. அதற்கு முன்பே கோடு போடுவதாகத்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குரைத்தது. பயந்து ஓடி வந்துவிட்டேன். கோடு நினைவுக்கு வந்தபோது மைதானத்தில் எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எப்போதும் முதலில் ஓடுகிற சகலையைத்தான் காணோம்.

மீதி மாவோடு போனேன். பையை ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்டீர்கள். கையில் இருந்தது, அவ்வளவுதான்.

தொட்டிக்குள் கிடந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சகலை! வந்துட்டீங்களா. கோடு போட மறந்துட்டீங்க, இல்ல?" பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "இத வச்சே உங்கள பத்து வருஷம் ஓட்டுவேன், பாருங்க. சரி, முதல்ல யாருக்காவது போன் பண்ணுங்க. கால் போச்சு."

போன் என் பாக்கெட்டில்தான் இருந்தது. நாற்பது பேர் என்னைச் சுற்றி நின்று சிரிப்பது கண்ணெதிரே தெரிந்தது. இருபது அடி பின்னால் வந்து மூன்று கோடு போட்டேன். முதல் கோடு வளைந்துவிட்டது. அழித்துவிட்டு நேராகப் போட்டேன்.

"சகலை? என்ன பண்றீங்க அங்க?" பையைச் சுருட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினேன். "விளையாடாதீங்க சகலை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

அவரால் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது, சார். எனக்குத் தெரியும்.

மைதானம் கூப்பிடு தூரம்தான். காற்று திரும்பியபோது ஏதோ கேட்டது. பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

அவர் மனைவி, என் மனைவியின் அக்கா, தட்டோடு வந்தார். "தம்பி, அவரப் பாத்தீங்களா? போன்கூட என் பையிலதான் இருக்கு."

"தலைவலின்னு அப்பவே வீட்டுக்குக் கிளம்பிட்டாருக்கா."

அவர் வீட்டிலும் இல்லை என்றதும் எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். ஆற்றங்கரைப் பக்கம் கூட்டிப் போனேன். திங்கட்கிழமை காலை மட்டும் தனியாகத் தொழிற்சாலைக்குப் போனேன். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை அல்ல, அக்காவை. திரும்பிவிட்டேன்.

செவ்வாய் மதியம் வரை உயிர் இருந்ததாக டாக்டர் சொன்னாராம். கோட்டு மாவு அவர் ஷூ தடத்துக்கு அடியில் இல்லாமல் மேலே கிடந்ததை நீங்கள் கவனித்துவிட்டீர்கள். சரி, நான் எதையும் மறைக்கவில்லை.

அவரை நான் தள்ளிவிடவில்லை, சார். அதை மட்டும் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.