செவிலிமேட்டில் பனி

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அய்யா. உடனே ஜலதோஷம் பிடித்துவிடும். ஆனாலும் இரண்டு வருடமாகப் பனி செய்வதுதான் என் வேலை.

செவிலிமேட்டில் தர்மன் அண்ணன் கட்டியிருக்கும் பனிச்சறுக்குக் கூடத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெளியே முப்பத்தொன்பது டிகிரி, உள்ளே மைனஸ் நாலு. காமாட்சியம்மனைக் கும்பிட்ட கையோடு வருகிறவர்கள் பட்டுப்புடவைக்கு மேல் வாடகைக் கோட்டை மாட்டிக்கொள்வார்கள். காலில் சறுக்குக்கட்டை. எழுபதடிச் சரிவை முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்தபடியேதான் இறங்குவார்கள். பின்பக்கம் நனைந்ததும் முகத்தில் ஒரு நிறைவு தெரியும். கோயிலில்கூட அது தெரியாது.

தர்மன் அண்ணன் முசரவாக்கத்து நிலத்தை விற்றுவிட்டு சுவிட்சர்லாந்து போய் வந்தவர். "அங்கயே பனி பத்தலப்பா. ஏரி வெட்டி, தண்ணிய உறிஞ்சி, மிஷின் வெச்சு மலைமேல ஊதிக்கினு இருக்கான். அவன் பண்ணா டூரிசம், நான் பண்ணா கிறுக்கா?" என்பார். கேள்வி நியாயமாகப் பட்டதால் நோட்டில் எழுதிக்கொண்டேன். மாலை வகுப்பில் குளிர்சாதன டிப்ளமோ படிக்கிறேன். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை; எதையும் தேதி போட்டு எழுதிவிடுவேன்.

ஒரு நாள் பனிக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். போர் அறுநூறு அடி. இந்தக் கோடையில் எங்கள் பின்சுவரை ஒட்டிய சாயப்பட்டறைக் கிணறு வற்றியது. அது காசிநாதன் அண்ணனுடையது. பட்டு நூலுக்கு அவர் ஏற்றும் அரக்குச் சிவப்புக்காகப் பெரிய காஞ்சிபுரத்துக் கடைக்காரர்கள் அவர் வாசலில் காத்துக் கிடப்பார்கள்.

சுவருக்கு மேல் தலை நீட்டினார். "ஏம்பா லோகேசு, என் கிணத்த எடுத்துக்கினு போய் ஐஸ் பண்ணி, அதுல வழுக்கி வேற வுழுறீங்க. வெக்கமா இல்ல? திங்கக்கிழம கலெக்டராண்ட மனு குடுக்கறேன் பாரு."

மனு போனால் அதிகாரிகள் வருவார்கள், கூடத்தைத் திறந்து பார்ப்பார்கள். அதுதான் சிக்கல். பனிக்கு அடியில் ஓடும் குழாய்களில் உறையாத திரவம் ஒன்று இருக்கிறது. ஒரு இணைப்பு விட்டுப்போய் மூன்று பீப்பாய் அடித்தொட்டியில் ஒழுகியிருந்தது. அந்த இணைப்பைப் போட்டவன் நான். தர்மன் அண்ணனுக்கு இது தெரியாது, அவரை விட்டுவிடுங்கள்.

யோசித்தேன். அவருக்குத் தண்ணீர் வேண்டும், எனக்குத் தொட்டி காலியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, பனித்தண்ணீர் விடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, உருகிய பனியையும் தொட்டியில் இருந்ததையும் சேர்த்து அவர் கிணற்றுக்குள் மோட்டார் வைத்து இறக்கினேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

சாயக்காரர்கள் காலையில் முதல் வாளித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். உப்பு ஏறியிருந்தால் நூலில் நிறம் திட்டுத்திட்டாக விழும். மற்றவர்கள் சுவைத்துவிட்டுத் துப்புவார்கள். காசிநாதன் அண்ணன் துப்பமாட்டார், ஒரு சொம்பு முழுக்கக் குடிப்பார். "துப்புனா கெணறு கோச்சுக்கும்பா" என்பார். இதை நான் எழுதிவைத்தது மார்ச் மாதம்.

சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"இன்னாப்பா இது, பாயசம் கணக்கா இருக்குது. பனித்தண்ணின்னா இப்டித்தான் இருக்குமா?"

"நல்லா வடிகட்னதுண்ணா."

"மனுவ கிழிச்சிட்டேன், போ. நீயும் ஒரு வாய் குடி."

"தொண்ட கட்டிக்கினு இருக்குதுண்ணா."

அன்று சாயங்காலம் தள்ளாடினார். எங்கேயோ குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவர் மனைவி சங்கரி அண்ணி திட்டித் தீர்த்தார்கள். திங்கட்கிழமை, மனு கொடுக்க வேண்டிய நாளில், சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. செவ்வாய் இரவு உயிர் போனது, புதன்கிழமை எடுத்துவிட்டார்கள். நானும் கூடப் போய்த் தோள் கொடுத்தேன்.

இது விபத்துதான், அய்யா. என் வகுப்பு நோட்டில், இந்தத் திரவத்துக்கு நிறமில்லை, இனிக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அடிக்கோடிட்டு இருப்பதைக் காட்டினீர்கள். பரீட்சைக்கு வரும் என்று ஆசிரியர் சொன்னதால் போட்ட கோடு அது. யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை நான். எதிலும் சந்தேகம் வரும், அது ஒன்றுதான் என் குறை. அன்றைக்கும் அவர் சொம்பைக் கீழே வைத்ததும், இது போதுமா என்று ஒரு சந்தேகம் வந்தது.

அதனால்தான் இரண்டாவது சொம்பை நானே மொண்டு கொடுத்தேன்.