எலிவேட்டர் மோட்டார் நின்றதாகத் திரை காட்டியது குறித்து

என் பெயர் விண்ணரசி, வயது 27, தகப்பனார் பெயர் வேதநாயகம், பாபநாசம், மாதா கோயில் தெருவில் வீடு. பெங்களூரில் மென்பொருள் எழுதும் வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, இந்த நீதிமன்றத்துக்கு நானாக வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு அரிசி ஆலை உரிமையாளர் தியாகேசன் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆலை மோட்டார்களைத் திரையில் பார்த்து இயக்கும் நிரலை லினக்ஸில் எழுதிக் கொடுத்தேன். கரண்ட் போனால் யூ.பி.எஸ்.ஸிலிருந்து அந்த நிரலுக்கு ஒரு சிக்னல் வரும், உடனே நிரல், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே சுவிட்சை விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் ஜெனரேட்டர் போட்டதும் மோட்டார் தானாகச் சுற்றும்.

சிக்னல் வரும்போது நிரல் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சிக்னலுக்கென்று எழுதிய பகுதிக்குத் தாவும். அந்த இடத்தில் திரையில் எதுவும் எழுதக்கூடாது, திரை வேறொன்றை வரைந்துகொண்டிருந்தால் நிரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்துத் திரும்பிவிட வேண்டும், திரை தன் வேலையை முடித்துக்கொண்டு அதைப் படித்து மற்றதைச் செய்யும். இது எனக்குத் தெரியும். இருந்தும் நான் நேரடியாகத் திரையில் 'மோட்டார் நின்றது' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ரிலேயை விடுவிக்கும்படி நிரலை அமைத்தேன். "மொதல்ல எழுத்து வரட்டும்மா, ஆளுங்க அதைத்தான் பாக்குறாங்க" என்று தியாகேசன் சொல்லியிருந்தார். நாற்பது முறை சோதித்தேன். நாற்பது முறையும் திரை எதையும் வரையாமல் சும்மா இருந்தது, நிரல் சிக்கவில்லை.

அந்த ஆலையில் அடைப்பு எடுக்க, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரை நிறுத்த விடமாட்டார்கள். கரண்ட் போகும் நேரத்தில்தான் அடியில் கைவிட்டு நெல்லை வாருவார்கள். 12.11.2008 அன்று காலை 11.42-க்குக் கரண்ட் போனது. அதன் பிறகு நடந்ததை, ஆலையில் நெல் வாரும் காத்தாயி மருத்துவமனையில் என்னிடம் சொன்னார். "கரண்டு போனாத்தான் நமக்கு லீவு, அதுலயும் வேலையா தம்பி" என்று அவர் கேட்டதற்கு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் மருதையன் திரையைப் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சுன்னு போட்டிருக்குக்கா, வாருங்க" என்றிருக்கிறார். அதன் பிறகு ஜெனரேட்டர் போட்டார்கள். காத்தாயிக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேல் வரை இல்லை.

மருதையன் கவனக்குறைவாக இருந்ததாக வழக்குப் பதிவானது. அதன் பிறகு நான் ஆலைக்குப் போய், நிரல் தான் செய்வதையெல்லாம் தானே குறித்து வைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். சிக்னல் வந்த வினாடியில் திரை வெப்பநிலை வரைபடத்தை வரைந்துகொண்டிருந்தது. 'மோட்டார் நின்றது' எழுதப்பட்டிருக்கிறது, நிரல் அங்கேயே சிக்கிக்கொண்டது, ரிலே விடுவித்ததற்கான வரி இல்லை. தியாகேசனிடம் காட்டினேன். "நீங்க சிங்கப்பூர் போற வேலையப் பாருங்கம்மா. அவனுக்கு வக்கீல் நான் வைக்கிறேன்" என்றார். இந்த மாதம் 28-ஆம் தேதி நான் அங்கே வேலையில் சேர வேண்டும்.

அதன் பிறகு காத்தாயியிடம் போய் தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர், "அப்ப மருதையன வுடச் சொல்லு" என்றார்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று நீதித்துறை நடுவர் எடுத்துச் சொல்லி, யோசிக்க ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். யோசித்தேன். நிரலின் அச்சுப்பிரதியும் பதிவேடும் கொடுத்திருக்கிறேன். மருதையன் திரையில் இருந்ததைப் படித்தார். அங்கே பொய்யை எழுதியது நான்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) வே. விண்ணரசி
24.11.2008