மயிலாத்தாள் வாங்க வந்த கியர் நாப்

"…கையில ஒட்டுதுங் கண்ணு. கியர மாத்திப்போட்டுக் கையப் பாத்தா, கருப்புக் கருப்பா அந்தப் பழைய நாபோட தோலு உரிஞ்சு ஒட்டியிருக்கும். அந்தக் கையோட ஒறம்பரை ஊட்டுல எப்படிங்க காப்பி டம்ளர வாங்கறது? நீங்களே சொல்லுங்க."

ரித்திகா போனைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள். காந்திபுரத்தில் கார் சாமான் விற்கும் அந்தக் கடைக்கு அவள் சீட் கவர் மாட்ட வந்திருந்தாள். வண்டியை உள்ளே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்கு வந்த மயிலாத்தாள் பேரைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள், அதற்கப்புறம் வாயை மூடவில்லை. இந்தப் பெண் நல்ல பெண், குறுக்கே பேசுகிறதில்லை என்று அவளுக்குப் பட்டது.

மயிலாத்தாளின் வீட்டுக்காரர் கதிர்வேல் சோமனூரில் தறி ஓட்டுகிறவர். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, கடைக்காரர் எடுத்துப் போட்ட கியர் நாப்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வண்டியில் இப்போது நாபே இல்லை. மொட்டைக் கியர் கம்பியில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சோமனூரிலிருந்து ஓட்டி வந்திருந்தார்.

"ஏனுங்க, அந்த எவர்சில்வர் குண்டு வேண்டாமுங்க," என்று மயிலாத்தாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "வெயில்ல நிறுத்திப்போட்டு வந்து தொட்டா கை வெந்துபோகும்… மரத்துலயா? அது கட்டில் காலாட்ட இருக்குது… அய்யோ, அது மண்ட ஓடுங்க. புள்ள நிச்சயத்துக்குப் போற வண்டில மண்ட ஓட்டப் புடிச்சுட்டா போவாங்க?"

கதிர்வேல் மண்டை ஓட்டைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா கண்ணு, ஒரு சாமான் வாங்கத் தெரியாது. இவர வெச்சுட்டு நான் படற பாடு… எங்க உட்டேன்? ஆங், துடியலூரு. என்ற மக வர்ஷினிக்கு மாப்பள பாக்கறோமுங்க. எந்த எடஞ் சொன்னாலும் 'பாக்கலாம்மா'ங்குவா. அவ பாக்கலாம்னா வேண்டாங்கறான்னு அர்த்தம். துடியலூர்ல ஒரு எடம் வந்துச்சு. பையன் பேரு கவின். பம்பு செட்டுப் பட்டறை வெச்சிருக்காங்க. ஊடு பாக்க வாங்கன்னு கூப்புட்டாங்க. நானும் இவரும் போனமுங்க. சந்துக் கடைசி ஊடு. இவரு வண்டிய நேராக் கொண்டுபோயி கேட்டுக்குள்ள நிறுத்திப்போட்டாரு. திரும்பறப்பப் பின்னாலயே எடுக்கோணும்னு ஒரு ரோசன வேண்டாமுங்களா?"

ரித்திகா தன் வண்டி நின்ற ஷெட் பக்கம் எட்டிப் பார்த்தாள். இன்னும் பின் சீட் பாக்கியிருந்தது.

"பேசுனதெல்லாம் நல்லாத்தான் பேசுனாங்க. போளி போட்டிருந்தாங்க, சித்த வேகாத போளி, அது போகட்டும். தாம்பூலத் தட்டக் குடுத்து வழியனுப்ப ஊடே வாசல்ல வந்து நிக்குது. இவரு ரிவர்ஸப் போடறாரு, வண்டி முன்னால போகுது. மறுக்காப் போடறாரு, மறுக்காவும் முன்னாலதான். அவுங்க ரோசாத் தொட்டி ஒடஞ்சுபோச்சு. அந்தம்மா 'பரவால்லீங்க, பழைய தொட்டிதான்'னாங்க. பூவு அன்னைக்குப் பூத்ததுங் கண்ணு.

"கடசீல அந்தக் கவின் தம்பியும் அவங்கப்பாவும் சட்டைக் கைய மடிச்சு உட்டுக்கிட்டு பானெட்டுல கையக் குடுத்துப் பின்னால தள்றாங்க. நான் மடில தட்ட வெச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கறேன். பட்டுச்சீல, எறங்க முடியுதுங்களா? கண்ணாடிக்கு அக்கட்டால சம்பந்தி மூஞ்சி, இக்கட்டால என்ற மூஞ்சி. சிரிக்கறதா, கும்புடு போடறதா? சந்து முச்சூடும் அப்படியே போனோம். நாலு ஊட்டுச் சனம் வெளிய வந்து பாக்குது. எனக்கு உசுரே போயிருச்சு. இந்தச் சம்பந்தம் இத்தோட போச்சுன்னு ஊடு வந்து சேர்ற வரைக்கும் இவருகிட்ட நான் ஒரு வார்த்த பேசலீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் ரித்திகா நம்பாதவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பறம் கேளுங்க. ராத்திரி அந்தத் தம்பி வர்ஷினிக்குப் போன் பண்ணி, 'உங்கப்பா வண்டிய நாந்தான் தள்ளி உட்டேன்'னு நடந்ததெல்லாஞ் சொல்லியிருக்கறான். இவ ரூமுக்குள்ள உளுந்து உளுந்து சிரிக்கறா. மறுநாளு வந்து, 'அம்மா, எனக்குச் சம்மதம்'ங்கறா. பெத்தவங்க மானம் போனதுல ஒரு கல்யாணம் முடிவாகுதுன்னா இத எங்க போயிச் சொல்றது? நிச்சயத்துக்கு அதே சந்துக்குள்ளதான் மறுக்காப் போகோணும். அந்தச் சனமெல்லாம் வாசல்ல நிக்கும், தள்ற வண்டி வருதா பாருன்னு. எல்லாம் இந்த மனுசனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாததால. இத்தன வருசமா ஓட்டறாரு, என்னத்த ஓட்டுனாரோ.

"நாபக் கொற சொல்ல முடியாதுங்க. அன்னைக்குத்தான் புதுசு. கண்ணாடில செஞ்சது, உள்ள ரோசாப்பூ, அப்படியொரு அழகு. ஆன்லைன்ல நாந்தான் தேடி எடுத்தேன். இவரு மெக்கானிக் வரட்டும்னாரு. ஒரு நாபு மாட்டறதுக்கு எதுக்குங்க மெக்கானிக்கு? காத்தால இவரு குளிக்கப் போனப்ப நானே பழசத் திருகி எடுத்து வீசிப்போட்டு, இத வெச்சு, ஆடாம நிக்கட்டும்னு அடி வரைக்கும் பசைய ஊத்தி உட்டுட்டேன். கல்லாட்ட நின்னுக்கிச்சுங்க. மெக்கானிக்கு சுத்தியல்ல தட்டித்தான் எடுத்தாரு, பாத்துக்கங்க."

கல்லாப் பக்கம் கதிர்வேல் பையிலிருந்து அந்தக் கண்ணாடி நாபை எடுத்து, அளவு பார்க்கக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, உங்க வண்டில நாபுக்குக் கீழ இருக்கற வளையத்தத் தூக்குனாத்தான ரிவர்ஸ் விழும்? அந்த வளையத்தையும் சேத்துப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. அப்பறம் எப்படி ரிவர்ஸ் விழும்? ஃபஸ்ட் கியர்தான் விழும். யாருங்க இதப் பண்ணுனது?"

மயிலாத்தாள் நாற்காலி நுனிக்கு வந்தாள். வளையம் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

கதிர்வேல் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த ரோசாப்பூவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாந்தானுங்க. மெக்கானிக்கு வரட்டும்னு பாத்திருக்கலாம், அவசரப்பட்டுட்டேன். கம்பெனி நாபு மாதிரியே சாதாரணமா ஒண்ணு குடுங்க."

மயிலாத்தாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். கடைக்காரர் இரண்டு மூன்று நாப்களை எடுத்து வந்து வைத்தார். கதிர்வேல் எதையும் தொடாமல், அவள் வந்து பார்க்கட்டும் என்பது போல நின்றார்.

"கேட்டீங்களா கண்ணு," என்று மயிலாத்தாள் பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினாள். "அவரே ஒத்துக்கிட்டாரு."

நாற்காலி காலியாக இருந்தது. வெளியே, பின் சீட்டுக்குக் கவர் இல்லாமலே, ரித்திகாவின் வண்டி ரிவர்ஸில் சத்தமில்லாமல் ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.