பூப்போட்ட பெட்ஷீட்

பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு பழைய பெட்ஷீட்டைத் தேடி எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. கெட்டித் துணியாக இருந்தால் உத்தமம். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் வைத்துக்கொண்டு வந்தால், திரும்பப் பூட்டும்போது மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. எங்கள் வீட்டில் அதற்கென்றே பூப்போட்ட பெட்ஷீட் ஒன்று இருந்தது. நான் சொல்லப்போகிற விஷயத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

போன வாரம் நீங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "சார், அப்பாவுக்கு என்ன ஆச்சு? நல்லா வந்துட்டிருந்தாரே. நீங்க ஏதாவது பண்ணீங்களா?" நான், "ஒண்ணும் இல்லையே" என்றேன். அது பொய். நீங்கள் நல்ல பிசியோதெரபிஸ்ட். கையோ காலோ வராமல் கிடக்கிற எத்தனையோ பேரை எழுப்பி உட்காரவைத்தவர். வேலை தெரிந்தவர்களிடம் மழுப்புவது எனக்குப் பிடிக்காத காரியம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சிலது உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி அப்பா கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. அம்மா வந்தது அதற்குப் பிறகுதான் என்பதை அவர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். ஞாயிற்றுக்கிழமையானால் ஷெட்டில் பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. அது மட்டும்தான் என் வேலை. ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினால்கூட, "விடு, உனக்கு வராது" என்பார். போகப்போக 'உனக்கு வராது' தேவைப்படவில்லை. 'விடு' என்றாலே இரண்டு பேருக்கும் முழுசாகப் புரிந்தது. குழாய்க்கு வாஷர் போடப் போனால் விடு. ஃபியூஸ் கட்டப் போனால் விடு. ஒரு தடவை என் கல்யாணப் பேச்சு வந்தபோதும், "விடு, அவனுக்கெல்லாம் குடும்பம் வராது" என்றார். அதையும் விட்டேன்.

டார்ச் பிடிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வெளிச்சம் விழுகிற இடத்தைப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. அந்த வண்டியில் எந்த நட்டு எத்தனை சுற்றில் இறுகும், எந்தச் சத்தத்துக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே அத்துப்படி. பிற்பாடு ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். ஓடுகிற கம்ப்ரசரின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டு, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வேன். அங்கே என்னைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பாவிடம் யாராவது கேட்டால், "ஏதோ கம்பெனில கையெழுத்து போடற வேலை" என்பார். அவர் என்னிடம் கேட்டதில்லை. நானாகப் போய்ச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

அவருக்கு வாதம் வந்தபோது கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுபோனது. பேச்சும் போனது. கண்ணும் காதும் மட்டும் பழையபடி இருந்தன. வீல்சேரில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மாதான் யோசனை சொன்னாள். "அவரு வண்டிய அவரு கண்ணு முன்னாடியே ரெடி பண்ணுடா. பாத்துட்டிருந்தா கொஞ்சம் தெம்பு வரும்." வண்டி பல வருஷமாகத் துருப்பிடித்து நின்றது. சரி என்று ஷெட்டைப் பெருக்கி, அவரை உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, பெட்ஷீட்டை விரித்தேன்.

அன்று எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. சரியான ஸ்பேனரைத்தான் எடுத்தேன். நட்டின்மேல் வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். அவர் புருவம் சுருங்கியிருந்தது. வாய் வராவிட்டாலும் அந்த 'விடு' எனக்குக் கேட்டது. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

நட்டின்மேல் பிளேயரை வைக்கிறவன் கையை வெட்ட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அவர் சொன்னதில் தப்பில்லை. பிளேயர் வழுக்கும், நட்டின் மூலைகளெல்லாம் மழுங்கிப் போகும். நான் மெதுவாகத் திருகினேன். வழுக்கியது. மறுபடியும் திருகினேன். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "பாத்தியா, சந்தோஷம் தாங்கல அவருக்கு" என்றாள். நானும் சந்தோஷமாக இருந்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததாக ஞாபகம் இல்லை.

ஆனால் அந்த நட்டுக்காக வருத்தப்பட்டேன். நல்ல நட்டு. அது என்ன பாவம் செய்தது? மறுநாள் பழைய இரும்புக் கடைக்குப் போய், அதே மாதிரி வண்டியின் உடைசலில் இருந்து கார்புரேட்டர், பின் சக்கரம், நட்டு, போல்ட் என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தேன். அப்பா மத்தியானம் தூங்கும் நேரத்தில் அசலையெல்லாம் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவி, பூப்போட்ட பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டி என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சக்கரம் மட்டும் மூட்டைக்குள் அடங்கவில்லை, அதைப் பக்கத்தில் படுக்கப்போட்டேன். அந்த இடத்தில் உடைசலை மாட்டினேன். கரியும் கிரீசும் பூசிவிட்டால் வீல்சேர் தூரத்தில் இருந்து யாருக்கும் அடையாளம் தெரியாது. அம்மாவுக்கு இரும்பு எல்லாமே இரும்புதான். ஆக, அந்த முதல் நட்டைத் தவிர வண்டிக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. இதைத் தயவுசெய்து நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நிதானமாக வேலை செய்தேன். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று கடுகு மாதிரி ஒரு ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு இருக்கும். அடைத்துக்கொண்டால் வாயால் ஊத வேண்டும். கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி, வண்டி பெட்ரோலாகக் குடிக்கும். நான் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை எடுத்துக் குத்தினேன். அப்பாவுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குத்தினேன். ஸ்க்ரூக்களையெல்லாம் கலந்து ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கினேன். டேங்க்கின்மேல் அவர் தன் கையாலேயே பிரஷ் பிடித்து இழுத்த தங்கக் கோடு ஒன்று உண்டு. அதை நான் தொடவே இல்லை. பெயின்டைச் சுரண்டுகிற எமரி ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பேன், அவ்வளவுதான்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் எழுந்தது. நீங்கள் பையைக் கீழே போட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து அந்த விரலையே பார்த்தீர்கள். "சார், நான் பந்து குடுத்து, பிரஷ் குடுத்து, என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். இந்த வண்டிக்குத்தான் அசையுது. அப்பாவுக்கு வண்டின்னா உசுரு போல. என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க, நிறுத்திடாதீங்க." உங்கள் கண் கலங்கியிருந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

விரலுக்குப் பிறகு மணிக்கட்டு வந்தது. மணிக்கட்டுக்குப் பிறகு முழங்கை. நான் ஒரு போல்ட்டைக் கோணலாக ஏற்றி முறுக்கினால் அந்தக் கை வீல்சேரின் கைப்பிடியை விட்டு மேலே எழும்பும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு முன்னேற்றத்தை எதிர்பார்க்கவே இல்லை என்றார். அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம்புள்ள இல்லன்னா அவரு படுத்த படுக்கைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதை மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அது உண்மையும்கூட. எல்லோரும் அவரை எழுப்புவது பாசம் என்று நினைத்தார்கள். கோபம்தான் எழுப்புகிறது என்று வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் வாய் பேச முடியாதவர்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. உடைசல் சக்கரத்துக்குள் பேரிங்கைச் சுத்தியலால் நேராக அடித்து இறக்கிக்கொண்டிருந்தேன். எந்த மெக்கானிக்கும் பார்க்கச் சகிக்காத வேலை அது. நான்காவது அடிக்கோ ஐந்தாவது அடிக்கோ பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன்.

"வி... டு."

அடுப்படியில் இருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். உங்களுக்கு போன் போட்டாள். நீங்கள் அந்தப் பக்கத்தில் இருந்து பேசியது எனக்கே கேட்டது: "இனிமே கவலையே இல்லம்மா. ஒரு வார்த்தை வந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் தானா வரும். கொஞ்ச நாள்ல பழையபடி பேசுவாரு பாருங்க." அம்மா அவர் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். நான் சுத்தியலைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மொழியில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது. தண்ணி என்று கேட்டிருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். சாவின் வாசல் வரை போய்த் திரும்பி வந்த மனுஷர், எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஓடாத வண்டியை ஓடவைக்கத் தெரிந்தவனுக்கு ஓடுகிற வண்டியை நிறுத்தவும் தெரியும். பெட்ரோல், காற்று, நெருப்பு. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட இன்ஜினும் நின்றுவிடும். அவரிடம் எதை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவருக்கு முகம் துடைத்து, கண்ணாடி மாட்டி, வழக்கத்தைவிடப் பக்கத்தில், என் முழங்கை படுகிற தூரத்தில் வீல்சேரை நிறுத்தினேன். உள்ளே போய்ச் சக்கரத்தையும் மூட்டையையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, மூட்டையை அவிழ்த்தேன்.

அவர் பார்த்தார். அவருடைய கார்புரேட்டர். அவருடைய நட்டுகள், அந்த முதல் நட்டைத் தவிர ஒரு மூலைகூட மழுங்காமல். கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக, அவர் வைப்பது மாதிரியே அடுக்கினேன். உடைசலைக் கழற்றி ஓரமாகப் போட்டேன். ஜெட்டை வாயால் ஊதிச் சுத்தம் செய்தேன். சக்கரத்தின் நடுப்பாகத்தை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிப் புது பேரிங்கை வைத்தேன். அது சுத்தியல் படாமல் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த வித்தை அவருக்கே தெரியாது, அது நான் தொழிற்சாலையில் கற்றது. வால்வு இடைவெளியை அளவுத் தகடு இல்லாமல் விரலாலேயே வைத்துவிட்டு, அப்புறம் தகட்டை நுழைத்து அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன். பிசிறில்லாமல் இருந்தது.

ஆரம்பத்தில் அவர் கை எழுந்துதான் இருந்தது. பிளேயருக்கும் கம்பிக்கும் பழகிப்போன கை. வேலை நடக்க நடக்க அது அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் ஓரத்தில் கிடந்த உடைசலைப் பார்த்தார். பெட்ஷீட்டைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியாக முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதமாகத் தன் எதிரில் உட்கார்ந்திருந்தவன் வேலை தெரியாத முட்டாள் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. வேறு என்ன புரிந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் படித்தவர்.

ஒரே உதை. வண்டி எடுத்துக்கொண்டது. அம்மா கை தட்டினாள். ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். அப்புறம் அதே கைப்பிடியை அவர் காதிலும் வைத்தேன். "சரியா இருக்காப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை வீல்சேரின் கைப்பிடியின்மேல் இறங்கியது. அதற்குப் பிறகு அது எழவில்லை. கஞ்சி கொடுத்தால் விழுங்குகிறார். கண்ணைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார், ஆனால் எதையும் பார்ப்பதில்லை.

நீங்கள் ஏதாவது பண்ணினீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம், பண்ணினேன். தேறத் தொடங்கியிருந்தவரை நிறுத்தினேன். தெரிந்துதான் நிறுத்தினேன். ஆனால் கோபத்தில் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. தினமும் சாயங்காலம் அவரை ஷெட்டுக்கு உருட்டிக்கொண்டுபோய், வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன். நல்ல சத்தம், ஒரே சீராக இருக்கிறது. அவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வேலையில் குறை ஏதாவது இருந்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர்.