எழுத்து தெரிந்த வைரம்

குழந்தைகளே, நேற்று பவானிபூரில் டிராம் ஏறினேன். முன் இருக்கையில் தமிழ் பேசும் தம்பதி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட பெரியதும் சின்னதுமாக இரண்டு வைரம் பார்த்துவிட்டு, முடிவுக்கு வராமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் சொன்னது என் காதை இழுத்தது.

“பெரிய கல்லைப் பேப்பர் மேல வச்சா, அடியில இருக்கற எழுத்தைப் படிக்க முடியறதே!”

“நல்லதுதானே? அவ்வளவு தெளிவு.”

“வைரம் என்ன மூக்குக்கண்ணாடியா? கல் பெரிசா தெரியணும்னு தட்டையா வெட்டியிருக்கான். விழற வெளிச்சம் அடி வழியா ஓடிப்போயிடறது. சின்னதுல எழுத்து தெரிஞ்சுதா?”

“இல்லே. ஒரே ஜொலிப்பு.”

“பட்டை சரியா வெட்டினா, உள்ளே போன வெளிச்சம் மோதித் திரும்பி மேலேயே வந்துடும். அதான் ரெண்டுக்கும் ஒரே விலை.”

“கல் சின்னதுன்னு சம்பந்தி முணுமுணுப்பாரேடி!”

“முணுமுணுக்கட்டும். தாலி கட்டறச்சே மாப்பிள்ளை கை அசைஞ்சா போதும், பந்தல்ல கடைசி வரிசைக்கும் தெரியும்.”

அவர் உடனே எழுந்து, கண்டக்டரிடம் “தாதா, ரோக்கே!” என்று வங்காளியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

“எங்கே போறேள்?”

“கடைக்குத்தான். உன்னை மாதிரி இன்னொருத்தி வந்து அந்தச் சின்னதைத் தூக்கிண்டு போயிடப்போறா, சீக்கிரம் இறங்கு!”