குமட்டலுக்கு ஒரு பஞ்சு

ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மூக்கருகே பிடித்து, "மெதுவா மோந்து பாருங்க சாமி" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே நித்யஸ்ரீ என் சட்டையில் வாந்தி எடுத்தாள். சட்டைக்கென்ன, துவைத்தால் போயிற்று. அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை, இன்ஸ்பெக்டர்.

என் ஆராய்ச்சி எளிமையானது. குமட்டலோடு வருபவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான ஊசி, மீதிப் பேருக்கு இந்தப் பஞ்சு. பஞ்சு ஜெயித்தால், ஊசி தீர்ந்துபோன எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் யாரும் குமட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம். இரண்டும் சமமாக நின்றன. கடைசி நோயாளி நித்யஸ்ரீ. குலுக்கலில் அவளுக்குப் பஞ்சு விழுந்தது.

"மத்தியானக் கறிச்சோறு சேரலைங்க டாக்டர். வேறொண்ணுமில்லீங்க" என்றார் மாமியார் சௌந்திரம். திருச்செங்கோட்டுப் பக்கம் போலீஸுக்குப் பயந்து விஷத்தின் பழியைச் சோற்றின் மேல் போடுவார்கள். எங்களுக்குப் பழகிய பொய். விஷம் குடித்தவர்களை என் ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது. தெரியாமல் சேர்த்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரி விசாரணையில் சொன்னேன். நம்பினார்கள்.

"மோந்து பாக்கறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்குங்க? எங்க போர் போடற ரிக்கு வண்டி டீசலையே மோந்துருப்பாளே" என்றான் கணவன் கதிர்வேல்.

நர்ஸ் மலர்விழி சிரிக்கவில்லை. "நாடி ரொம்ப எறங்குதுங்க டாக்டர். ஈசிஜி எடுத்துரலாங்களா?"

"குமட்டினா நாடி எறங்கத்தான் செய்யும்மா." அது பாதி உண்மை. மலர்விழியை அடுத்த கட்டில் நோயாளியைப் பார்க்க அனுப்பினேன். உறவினர்களை வெளியே நிற்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி நின்றது. "கொறஞ்சுதாங்க?" என்று கேட்டேன். "கொறஞ்சுருச்சுங்க" என்றாள். பஞ்சு ஜெயித்துவிட்டது. பிறகு இதயமும் நின்றது. அது என் ஒப்பீட்டில் வராத விஷயம்.

பிரேதப் பரிசோதனையில் அரளி என்று வந்ததும் சௌந்திரத்தைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். அதனால்தான் நானாக வந்தேன். குற்றம் செய்யாத ஒருவர் கஷ்டப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அன்று எல்லோரும் வெளியே போனதும் நித்யஸ்ரீ என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நானேதானுங்க அரளி வெதைய அரச்சுக் குடிச்சேன். எம்புள்ளைக்காகப் பொழைக்கோணுங்க டாக்டர்."

தைரியம் சொல்லி, புதுப் பஞ்சு ஒன்றை நனைத்துக் கொடுத்தேன்.