அடுத்த தெருவில் பச்சை

தம்பி: அதத் தொடாதக்கா.

அக்கா: யாரு தொட்டா? பாக்கத்தான செய்யறேன்.

தம்பி: பாக்கறேன்னுட்டு மூக்க உள்ள விடற. மூடி அசைஞ்சா எல்லாம் வீணாப் போயிடும். திரும்ப முதல்லேர்ந்து பண்ணணும். மேடம் என்னைத்தான் திட்டுவாங்க.

அக்கா: தண்ணி சோதிக்கற உங்க மேடம் என் வாசப்படியில பாட்டில வெச்சுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. உள்ள இருக்கறது என் பம்புத் தண்ணி. நான் பாக்கக் கூடாதா?

தம்பி: தள்ளி நின்னு பாரு. தண்ணியில பொடியப் போட்டாச்சு. மூடிக்கு அடியில ஒரு காகிதம் இருக்கு பாரு, வெள்ளையா, நகம் அகலத்துக்கு... கொஞ்ச நேரம் போகணும். அது வெள்ளையாவே நின்னா உன் பம்பு நல்ல பம்பு.

அக்கா: இல்லன்னா?

தம்பி: மஞ்சளாகும்.

அக்கா: அவ்வளவுதான?

தம்பி: அப்புறம் பழுப்பாகும். அப்புறம் நான் பிரஷ்ஷ எடுக்கணும்.

அக்கா: மஞ்சளோட நின்னுட்டா மஞ்சள் பெயின்ட் அடிப்பியா?

தம்பி: மஞ்சளெல்லாம் கிடையாது. ரெண்டே டப்பா. குடிக்கலாம்னா பச்சை. கூடாதுன்னா சிவப்பு.

அக்கா: அதத்தான் நடு வழியில வெச்சிருக்கியா? இப்பத்தான் தடுக்கி விழப் பாத்தேன். நகத்தி வெக்கலாம்னு தூக்கினா ஒண்ணு காத்தா இருக்கு, ஒண்ணு கல்லு மாதிரி கனக்குது.

தம்பி: நீ எதுக்கு அதத் தூக்கற... பச்சை புது டப்பா. நேத்துதான் வாங்கினோம்.

அக்கா: சரி, கத்தாத. வெயில்ல வந்திருக்க. ஒரு சொம்பு தண்ணி குடி.

தம்பி: வேணாம். பையில பாட்டில் இருக்கு.

அக்கா: அக்கா வீட்டுத் தண்ணி தொண்டையில எறங்காதோ?

தம்பி: காகிதம் சொல்லட்டும். அப்புறம் ஒரு குடமே குடிக்கறேன்.

அக்கா: பெரிய மனுஷன் ஆயிட்டடா நீ. பேர எழுதக் கத்துக்கிட்டதே தலை நரைச்சப்புறம். இப்ப ஊருல இருக்கற பம்புக்கெல்லாம் நம்பர் எழுதற.

தம்பி: நம்பர் எழுதறது சுலபம்க்கா. எழுதி முடிச்சதும் கேக்கறாங்க பாரு ஒரு கேள்வி...

அக்கா: என்னன்னு?

தம்பி: அப்ப நாங்க எங்க போய் எடுக்கறதுன்னு.

அக்கா: ஓ, அதான் விஷயமா? காலையில பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி குடத்தோட வந்து நின்னா. "உங்க தெருவுல பச்சை இருக்காமே, உங்க தம்பிதான் சொன்னாரு"ன்னா. எங்க தெருவுல இன்னும் பாட்டிலே வெக்கலையேம்மான்னேன். இடுப்புல வெறுங்குடத்த வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா, பாவம்.

தம்பி: ...ஏதோ ஒரு நினைப்புல சொல்லியிருப்பேன்.

அக்கா: நல்ல நினைப்பு! பாரு, காகிதம் வெள்ளையாத்தான் இருக்கு.

தம்பி: உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது.

அக்கா: ஏன்டா, இது என்னடா நியாயம்? ஆத்துத் தண்ணி கறுப்பா நுரைச்சுக்கிட்டு வருது, கால வெச்சா அரிக்குதுன்னுதான் இந்தப் பம்பே போட்டோம். உங்க அத்தான் கூடவே நின்னு எறக்கினாரு. களிமண்ணு போயி, மணல் போயி, தெளிஞ்சு வந்துது பாரு... ரெண்டு கையிலயும் ஏந்திக் குடிச்சுட்டு, சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு.

தம்பி: நானும்தான் பைப்பு புடிச்சேன். மறந்துட்டியா?

அக்கா: நீ எங்க புடிச்ச? பாதி நேரம் மரத்தடியில தூங்கின.

தம்பி: தூங்கினதுல பாதியாவது புடிச்சிருப்பேன்.

அக்கா: ஆத்துக்குப் பயந்து மண்ணுக்குள்ள போனோம். மண்ணுக்குள்ளயும் கெட்டதுதான்னா இன்னும் எங்கடா தோண்டறது?

தம்பி: ஆத்தக் கெடுத்தது ஆலைக்காரன். அங்க பாட்டில் ரொப்ப முட்டி வரைக்கும் எறங்கினேன், கால்ல தோலு உரிஞ்சு போச்சு. ஆனா அது கண்ணுக்குத் தெரியற சனியன். இது மண்ணுலயே கிடக்கறதாம். ஆர்சனிக்னு பேரு. நெறமில்ல, நாத்தமில்ல, ருசியில்ல.

அக்கா: இத்தனை வருஷம் குடிச்சோமே, என்ன ஆயிடுச்சு?

தம்பி: அத்தான் உள்ளங்கை ஞாபகம் இருக்கா?

அக்கா: மறக்குமா? புள்ளி புள்ளியா, பாறை மாதிரி. உழைச்ச கைய்யான்னு எல்லார்கிட்டயும் விரிச்சுக் காட்டுவாரு.

தம்பி: உள்ளங்காலும்.

அக்கா: உள்ளங்காலும்தான். செருப்பில்லாம நடந்த காலு.

தம்பி: அது உழைச்சு வந்ததில்லையாம்க்கா.

அக்கா: ...யாரு சொன்னா?

தம்பி: மேடம் படம் காட்டினாங்க. எந்தெந்த ஊருக் கையோ. எல்லாம் அத்தான் கை மாதிரியே இருந்துது.

அக்கா: போடா. செத்தவர் உழைப்பையும் எடுத்துக்கிட்டுப் போயிடாத. உங்க மேடம் இவ்வளவும் கண்டுபிடிச்சு என்னதான் பண்ணப் போறா?

தம்பி: மேல எழுதி அனுப்புவாங்க.

அக்கா: எழுதினா தண்ணி வருமா?

தம்பி: அது எனக்கெப்படித் தெரியும்? அன்னிக்கு வண்டிக்குள்ள உக்காந்து அழுதுகிட்டிருந்தாங்க. என்ன மேடம்னேன். தலைவலின்னாங்க.

அக்கா: நல்ல தலைவலி.

தம்பி: ...உள்ள என்ன சத்தம்?

அக்கா: எங்க?

தம்பி: யாரோ நடக்கற மாதிரி...

அக்கா: பூனை.

தம்பி: வளையல் சத்தம் கேக்குதே. பூனைக்கு வளையல் போட்டு அழகு பாக்கறியா?

அக்கா: உனக்குக் காது கொஞ்சம் நீளம். பாட்டிலப் பாரு. ...டேய், ஒண்ணு கேக்கறேன். மாசமா இருக்கறவ இதக் குடிச்சா?

தம்பி: யாரு மாசமா இருக்கா?

அக்கா: எதிர்வீட்டுக்காரி.

தம்பி: எதிர்வீட்டுக்காரிக்கு உன் வயசுக்கா.

அக்கா: அவ மருமகடா! கேட்டதுக்குப் பதில் சொல்லேன்.

தம்பி: ...கஷ்டம்னாங்க. நெலைக்காமப் போகலாமாம். நெலைச்சாலும்...

அக்கா: போதும். காய்ச்சிக் குடிச்சா?

தம்பி: காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும். விஷம் அப்படியே நிக்கும். காய்ச்சக் காய்ச்ச இன்னும் கூடத்தான் செய்யும்.

அக்கா: நான் காய்ச்சித்தான குடுத்தேன்...

தம்பி: யாருக்கு?

அக்கா: ...பூனைக்கு.

தம்பி: அக்கா.

அக்கா: டேய், பாரு... ஓரத்துல லேசா... வெயில் பட்டு அப்படித் தெரியுதா?

தம்பி: வெயில் இல்லக்கா. மஞ்சள்.

அக்கா: லேசாத்தான இருக்கு. இதோட நின்னுடும். நிக்கும்டா. கொஞ்சம் பொறு.

தம்பி: நிக்கலக்கா. பழுப்பாயிடுச்சு.

அக்கா: பச்சை அடி.

தம்பி: என்னது?

அக்கா: மேடம் தெருக்கோடியில இருக்கா. அவ வர்றதுக்குள்ள அந்தக் காகிதத்தக் கசக்கிப் போட்டுட்டுப் பச்சைய அடி. நீ எனக்குத் தம்பியா, அவளுக்குத் தம்பியா? இந்தத் தண்ணிய இனிமே யாரும் வாயில வெக்க மாட்டோம், சத்தியம். பாக்கறவங்க கண்ணுக்குப் பச்சையா இருக்கணும். அவ்வளவுதான்.

தம்பி: பாக்கறவங்கன்னா யாரு?

அக்கா: ...சம்பந்தி வீட்டுக்காரங்க. நாளைக்கு வர்றாங்க. முதல் ரெண்டு கருவும் கலைஞ்சதுக்கு என் பொண்ணு ராசிதான் காரணம்னு ஏற்கெனவே பேசறாங்க. வாசல்ல சிவப்பப் பாத்தா, இவ பொறந்த வீட்டுத் தண்ணியே விஷம், உடம்பு முழுக்க விஷம்னு அத்து விட்டுடுவாங்கடா.

தம்பி: ரெண்டும் கலைஞ்சதுக்கு, சரி... அவங்க இப்ப எதுக்கு வர்றாங்க? அப்ப இது...

மகள்: மூணாவது, மாமா.

தம்பி: ...வாம்மா பூனை.

மகள்: கோவிச்சுக்காதீங்க. வெளியில சொன்னா இதுவும் தங்காதுன்னு அம்மாவுக்கு பயம்.

தம்பி: எப்ப வந்த?

மகள்: நாள் தள்ளிப்போனதுமே வந்துட்டேன். வாசலுக்குக்கூட வரல. அம்மா வேளாவேளைக்குச் சுடுதண்ணி காய்ச்சிக் குடுத்து...

தம்பி: கையக் காட்டு.

மகள்: எதுக்கு?

தம்பி: சும்மா காட்டும்மா. ...அங்க உன்ன மண்ணு கிண்ணு சுமக்க விடறாங்களா?

மகள்: இல்லையே. தையல் மெஷின்தான்.

தம்பி: அப்ப உள்ளங்கையில இது என்ன, புள்ளி புள்ளியா?

மகள்: அதுவா மாமா? துணியப் புடிச்சுப் புடிச்சுக் காய்ச்சுப் போச்சு.

தம்பி: ஆமா. துணியாத்தான் இருக்கும். மூடிக்கோ.

அக்கா: சிவப்பையே அடிடா.

தம்பி: அக்கா...

அக்கா: அடி. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. வயித்துல இருக்கறது பெயின்ட்டயா குடிக்கப் போகுது? ஏய், துணிமணிய எடுத்து வை. இப்பவே கிளம்பற.

மகள்: எங்க?

அக்கா: அக்கரைக்கு. உன் வீட்டுக்கு.

மகள்: நான் போகமாட்டேன்மா. அந்த வீட்டுல சோத்துல கைய வெக்கறதுக்குள்ள நாலு பேச்சு.

அக்கா: பேசட்டும். காதுல விழற விஷம் வயித்துக்கு எறங்காது. அங்க தெருவுல பச்சை இருக்கு. போன வாரம் உன் மாமாதான் சொன்னான். சொன்னியா இல்லையாடா?

தம்பி: ...சொன்னேன்.

மகள்: நான் இருந்தப்ப ஒரு பம்புலயும் பெயின்ட் இல்லையே.

அக்கா: நீ வந்தப்புறம்தான் அடிச்சாங்க. தினம் நானே வந்து குடம் எடுத்துக் குடுக்கறேன். உன் மாமியார் மூஞ்சிக்கு நேரா நின்னு குடுக்கறேன். எவ்வளவு தூரமிருந்தா என்ன?

தம்பி: அவசரப்படாதக்கா. இந்த உடம்போட அலைஞ்சா...

அக்கா: வேற வழி சொல்லு. உன் வீட்டுல வெச்சுக்கறியா?

தம்பி: என் வீட்டுல வேணாம்.

அக்கா: ஏன்? உன் தெருவுலயும்தான் பச்சைன்ன.

தம்பி: என் வீட்டுல இடமில்லக்கா.

அக்கா: சரி விடு. டேய், அக்கரையில எந்தப் பம்புன்னு மட்டும் சொல்லிடு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கறதா, முக்குல இருக்கறதா? என்னடா முழிக்கற? உன் கையால அடிச்ச பச்சை உனக்கே மறந்து போச்சா?

மகள்: அம்மா... அந்தப் பச்சை டப்பா மேல ஒரு சொட்டுகூட வழியல.

அக்கா: அது புதுசுடி. நேத்துதான் வாங்கினானாம். ...ஏன்டா?

மகள்: மூடியெல்லாம் தூசி படிஞ்சு கிடக்கும்மா.

அக்கா: டேய்... என்னப் பாத்துச் சொல்லு.

தம்பி: கேக்கறவங்க மூஞ்சியப் பாத்து எங்கயும் இல்லன்னு சொல்ல வாய் வரலக்கா. பக்கத்துத் தெருவுல இந்தத் தெருவச் சொன்னேன், உங்கிட்ட அக்கரையச் சொன்னேன், எங்க போனாலும் இன்னொரு தெருவக் கையக் காட்டிக் காட்டியே வந்துட்டேன்... இதுதான் கடைசித் தெரு. வேலை தொடங்கின நாள்லேர்ந்து அந்தப் பச்சை டப்பாவ நெம்பித் திறக்கவே இல்லக்கா.